பன்னிரண்டு கிளைகள், ஒரே கோப்பு

கூகுள் மேப்பில் ஒரு கடையைத் தொட்டால் பெயர், முகவரி, போன் நம்பர், திறக்கும் நேரம், படங்கள், வந்துபோனவர்கள் எழுதிய விமர்சனங்கள் எல்லாம் வரிசையாக விரியும். 2014இல் கூகுள் மை பிசினஸ் என்ற பெயரில் வந்த இந்தச் சேவை 2021 நவம்பரில் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் ஆனது. ஒரே ஒரு கடை நடத்துபவருக்கு இதைக் கவனிக்க ஒரு போன் போதும். தன் கடைப் பெயரைத் தேடி, வரும் பக்கத்திலேயே திருத்திக்கொள்ளலாம்.

கிளைகள் பெருகும்போதுதான் சிக்கல். மதுரை, திருச்சி, கோவை, சென்னை, பெங்களூரு என்று பன்னிரண்டு கிளைகள் உள்ள ஓர் இனிப்புக் கடையை எடுத்துக்கொள்வோம். தைப் பொங்கலன்று தமிழ்நாட்டுக் கிளைகளுக்கு விடுமுறை, மறுநாள் அரை நாள் வியாபாரம். நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம் என்பதால் பெங்களூரில் மட்டும் விடுமுறை. தீபாவளிக்கு முந்தைய நாட்களில் எல்லாக் கிளைகளும் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். இத்தனையையும் பன்னிரண்டு பதிவுகளிலும் தனித்தனியாகத் தட்டினால் ஏதாவது ஒரு கிளை விட்டுப்போகும். அந்தக் கிளை திறந்திருப்பதாக மேப்பில் பார்த்து, பேரப்பிள்ளையோடு ஆட்டோ பிடித்து வரும் பெரியவர் பூட்டிய ஷட்டர் முன்னால்தான் இறங்குவார். இதைச் சின்னக் கவனக்குறைவு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கடை தன் வாயால் சொன்னதை நம்பித்தானே அவர் கிளம்பினார்?

இங்கேதான் கமாண்ட் லைன் கருவி உதவுகிறது. டெர்மினலில் எழுத்தாகத் தட்டும் ஒரு கட்டளை, கூகுள் திறந்து வைத்திருக்கும் ஏபிஐ வழியாகப் பன்னிரண்டு பதிவுகளையும் படிக்கும், திருத்தும். ஏபிஐ என்பது மனிதர் கைபடாமல் ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசும் வாசல். கருவியை விலைக்கு வாங்கினாலும், பைத்தானில் நாமே எழுதினாலும், வெறும் கர்ல் கட்டளையால் அனுப்பினாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். ஒரு கிளையின் விவரம் ஜேசன் வடிவில் வருகிறது, மாற்றம் அதே வடிவில் போகிறது.

இந்த வாசல் கேட்டவுடன் திறக்காது. கூகுள் கிளவுடில் ஒரு ப்ராஜெக்ட் தொடங்கி, ஏபிஐ அனுமதிக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவரிடம் சரிபார்க்கப்பட்டு 60 நாட்களுக்கு மேல் நடப்பிலிருக்கும் ஒரு ப்ரொஃபைலும் ஒரு வெப்சைட்டும் இருக்க வேண்டும். அனுமதி வரும் வரை நிமிடத்துக்கு 0 கோரிக்கை, வந்த பின் 300. கோட்டா பக்கத்தில் 0 என்று தெரிந்தால் நிரலில் பிழை தேடி இரவு விழிக்க வேண்டாம், அனுமதி இன்னும் வரவில்லை என்றுதான் பொருள். ஏபிஐயும் ஒன்றல்ல. கணக்கு நிர்வாகம், கடை விவரம், சரிபார்ப்பு, பார்வையாளர் கணக்கு எனத் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். விமர்சனங்களும் படங்களும் பழைய நான்காம் பதிப்பில் இருக்கின்றன. பழைய மாதிரி நிரலை அப்படியே எடுத்து ஒட்டினால் பல இடங்களில் வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது சாவி. கருவி நம் சார்பில் பேச ஓஆத் முறையில் ஒருமுறை லாகின் செய்து ஒப்புதல் தருகிறோம். பதிலுக்கு ஒரு ரெஃப்ரெஷ் டோக்கன் கிடைக்கும். ப்ராஜெக்ட் 'டெஸ்டிங்' நிலையிலேயே இருந்தால் அந்த டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். நேற்று வரை ஓடிய கட்டளை இன்று படுத்துக்கொண்டால் முதலில் இதைப் பாருங்கள். படிக்க மட்டும், எழுத மட்டும் என்று அனுமதியைப் பிரித்துத் தரும் வசதி இதில் கிடையாது. டோக்கன் கோப்பு யார் கையில் கிடைத்தாலும் பன்னிரண்டு கிளைகளின் போன் நம்பரையும் அவர் மாற்றிவிடலாம். எனவே அதை நிரலோடு சேர்த்து கிட்ஹப்பில் ஏற்றவே கூடாது, வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கூடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கருவி என்பது வெறும் தபால்காரர். கடையைப் பற்றிய உண்மை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. பல நிறுவனங்களில் அது எங்குமே இருக்காது. மேனேஜர் மனதில் கொஞ்சம், மேப்பில் கொஞ்சம், பழைய எக்செல்லில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். கருவியைத் தொடுவதற்கு முன்பே ஒரே ஒரு சிஎஸ்வி கோப்பில் கிளைக்கு ஒரு வரியாக எல்லாவற்றையும் எழுதுங்கள்: ஸ்டோர் கோட், பெயர், முகவரி, போன், வழக்கமான நேரம். விடுமுறைகளுக்கு இன்னொரு கோப்பு. மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் இரண்டையும் வைத்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகப் பதிவாகும். ஸ்டோர் கோட் என்பது கிளைக்கு நாமே வைக்கும் குறியீடு, நம் கோப்பையும் கூகுளின் பதிவையும் பொருத்தும் முடிச்சு.

கோப்பு தயாரானதும் உடனே அனுப்பிவிடாதீர்கள், முதலில் கூகுளில் இப்போதுள்ள பதிவைப் படியுங்கள். பதிவு நம்முடையது என்றாலும் அதில் கைவைப்பவர் நாம் மட்டுமல்ல. வழியில் போகிறவர் 'திருத்தம் பரிந்துரை' அனுப்பலாம். வேறு மூலங்களைப் பார்த்து கூகுளே நேரத்தை மாற்றலாம். அப்படி மாற்றினால் பதிவில் அதற்கொரு அடையாளம் விழும். எந்தப் புலத்தில் கூகுளின் கணிப்பு நம்முடையதிலிருந்து வேறுபடுகிறது என்பதையும் ஏபிஐ வழியாகவே கேட்டு வாங்கலாம். சில நேரம் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். திருச்சிக் கிளை மதியம் மூடுவதைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அங்கே ஒரு போன் போட்டுக் கேட்ட பிறகே எழுத வேண்டும். நல்ல கருவி எதையும் மாற்றாமல், கோப்புக்கும் பதிவுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் காட்டும் ஒரு கட்டளையைத் தரும். அதைத் தராத கருவியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது அப்டேட் மாஸ்க். எந்தப் புலத்தை மாற்றுகிறோம் என்பதை அதில் சொல்ல வேண்டும். போன் நம்பர் மட்டும் என்று சொன்னால் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் சிறப்பு நேரங்கள் என்ற புலம் ஒரு பட்டியல். அதை அனுப்பினால் புதியது பழையதோடு சேராது, முழுப் பட்டியலும் மாற்றி எழுதப்படும். அக்டோபரில் தீபாவளி நேரங்களை ஏற்றிவிட்டு, சில நாள் கழித்து ராஜ்யோத்சவ விடுமுறையை மட்டும் அனுப்பினால் தீபாவளி நேரங்கள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கட்டளை வெற்றி என்றே சொல்லும். அதனால்தான் விடுமுறைக்குத் தனிக் கோப்பு என்றேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பு முழுவதையும் அனுப்ப வேண்டும்.

நள்ளிரவைத் தாண்டும் நேரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. காலை 9 மணி முதல் இரவு 1 மணி வரை என்றால் முடியும் தேதியை மறுநாளாகக் குறிக்க வேண்டும். தொடங்கும் தேதிக்கு ஒரு நாளுக்கு மேல் தள்ளிய முடிவுத் தேதியை ஏபிஐ ஏற்காது. எனவே மூன்று நாள் விடுமுறையை ஒரே வரியில் எழுத முடியாது, மூன்று வரிகள் வேண்டும். 'வேலிடேட் ஒன்லி' என்ற குறியைச் சேர்த்து அனுப்பினால் பதிவைத் தொடாமல் கோரிக்கை சரியா என்று மட்டும் சோதித்துச் சொல்லும். உண்மையாக அனுப்புவதற்கு முன் ஒருமுறை இப்படி ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரே ப்ரொஃபைலுக்கு நிமிடத்துக்கு 10 திருத்தங்கள்தான் வரம்பு, கேட்டாலும் கூட்டித் தர மாட்டார்கள்.

கருவியிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கவும் கூடாது. நேரம், விடுமுறை, வெப்சைட் முகவரி ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். கடைப் பெயரும் முகவரியும் அப்படியல்ல. அவற்றை மாற்றினால் மறுபடியும் சரிபார்க்கச் சொல்லலாம், கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லவும் கூடும். பெயரோடு 'மதுரையின் சிறந்த அல்வா' போன்ற சொற்களைச் சேர்ப்பது விதிமீறல், பதிவு முடக்கப்படலாம். ஒரு தப்பான கட்டளை பன்னிரண்டு பெயர்களையும் ஒரே நேரத்தில் கெடுத்துவிடும் என்பதால் இந்த இரண்டும் மனிதர் கையிலேயே இருக்கட்டும். விமர்சனங்களும் அப்படித்தான். புதிய விமர்சனம் வந்ததும் தெரிவிக்கக் கருவியைப் பயன்படுத்தலாம். பதிலை, அந்தக் கிளையில் அன்று என்ன நடந்தது என்று கேட்டறிந்த ஒருவர் எழுத வேண்டும். மிட்டாயில் முடி கிடந்தது என்று எழுதியவருக்கு 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று இயந்திரம் பதில் போட்டால், அவர் அடுத்த முறை எழுத மாட்டார், வரவும் மாட்டார்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் மாற்றம் என்றால் இந்தக் கருவியே தேவையில்லை. ப்ரொஃபைல் மேனேஜரில் ஸ்ப்ரெட்ஷீட்டாகப் பதிவிறக்கி, திருத்தி, மறுபடி ஏற்றும் வசதி இருக்கிறது. வாரந்தோறும் ஏதாவது மாறுகிறது, கிளைகளும் கூடிக்கொண்டே போகின்றன என்றால் கமாண்ட் லைனுக்கு வாருங்கள். வந்ததும் முதல் ஒரு மாதம் வேறுபாட்டைக் காட்டும் கட்டளையை மட்டும் தினமும் காலையில் க்ரான் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) மூலம் ஓட விடுங்கள். எந்தக் கிளையில் தகவல் அடிக்கடி விலகுகிறது என்பது தெரிந்துவிடும்.

கிளை ஒன்றை நிரந்தரமாக மூடினால் பதிவை அழிக்கும் கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். அழித்தால் உங்கள் கணக்கிலிருந்துதான் அது போகும். மேப்பில் யாருடைய கவனிப்பும் இல்லாமல், திறந்திருக்கும் கடை போலவே தங்கிவிடவும் கூடும். நிலையை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று மாற்றி, பதிவை உங்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்வியிலும் அந்த வரியை நீக்காமல், மூடிய தேதியை எழுதி வையுங்கள்.