உப்பிற் பிறந்த காரம்

சமையலறைக் குழாய் கொழுப்பேறி அடைத்துக்கொண்டால் களுபோவில வீட்டார் ஹாட்வெயார் கடையில் வாங்கிவரும் வெண்ணிறச் செதில்களாகிய கோஸ்டிக் சோடா, நாம் நாளும் உணவிலிடும் உப்பிலிருந்து பிறப்பதென்பதும், ஒருகாலத்தில் நம் நாட்டிலேயே, கிளிநொச்சிக்கு வடக்கே பரந்தனில் உற்பத்தியானதென்பதும் இன்று பலருடைய ஞாபகத்தில் இல்லை.

ஆனையிறவு உப்பளத்திற்கு அண்மையில் 1950களில் அரசு நிறுவிய அந்த இரசாயனத் தொழிற்சாலையில், உப்புக் கரைசலினூடே மின்சாரம் செலுத்தப்பட, ஒரு முனையில் குளோரீன் வாயுவும், மறுமுனையில் ஐதரசனும், கரைசலில் சோடியம் ஐதரொட்சைட்டு என்னும் இக்காரமும் உண்டாயின. 40 பங்கு காரம் பிறக்கையில் 35.5 பங்கு குளோரீன் தவறாது உடன்பிறக்கும். இம்முறையில் ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் பெறுதல் இயலாது. காரம் சவர்க்காரத்திற்கும் கடதாசிக்கும் வேண்டப்படுவது. குளோரீனோ குடிநீரைச் சுத்திகரிப்பது. இவ்விரண்டையும் ஈந்த ஆலை போர்க்காலத்தில் சிதைந்து நின்றுபோனதை வடபுலக் கைத்தொழிலுக்கு நேர்ந்த பெரும் நஷ்டமென்றே கருதுகிறேன்.

ஒரு கிலோ தேங்காயெண்ணெயைச் சவர்க்காரமாக்க ஏறக்குறைய 183 கிராம் காரம் போதும். மிகுந்தால் எஞ்சியது தோலை அரிக்கும். அடைபட்ட குழாயிலும் இதுவே நிகழ்கிறது: படிந்த கொழுப்பு சவர்க்காரமாகிக் கரைந்தோடுகிறது.

செதிலொன்றைக் கண்ணாடித் தட்டில் வைத்தால், கொழும்பின் கடற்காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, முதலில் வியர்த்தாற்போல் மினுங்கி, பின்பு தானே ஒரு துளியாகக் கரைந்துவிடும்; அத்துளியும் காலப்போக்கில் காற்றின் காபனீரொட்சைட்டைப் பற்றிச் சலவைச் சோடாவாக மாறும். நீரிற் கரையும்போது எழும் உஷ்ணம் கொதித்துத் தெறிக்கும் அளவினதாகையால், நீரில் சோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி, சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது; அதை அரித்துத் தீப்பற்றும் ஐதரசனை எழுப்பிவிடும்.

அமிலம் பட்ட தசை பெரும்பாலும் உறைந்து, அவ்வமிலம் மேலும் இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரமோ கொழுப்பையும் புரதத்தையும் கரைத்துக்கொண்டு உள்ளே உள்ளே செல்லும். தோலில் வலி தாமதித்துத் தோன்றுவதும் உண்டு. கண்ணிற் பட்டால் பார்வையே போகலாம். ஆகவே கையுறையும் கண்காப்பும் இன்றி இதைத் தொடவே கூடாது. குடிபானப் போத்தலில் கரைத்து வைப்பதோ குழந்தைகளுக்கு யமன். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது. மேலே பட்டவர் உலர்ந்த செதில்களைத் தட்டிவிட்டு, தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ தேடாமல், உடனே குழாய்நீரில் கழுவவேண்டும். கண்ணாயின் அரைமணி நேரமேனும் கழுவவேண்டும். களுபோவில வைத்தியசாலை அடுத்த தெருவிலேயே இருந்தாலும், கழுவிய பின்பே புறப்படவேண்டும்.