சேவைக்கும் கூலி உண்டு

தோட்டத்துப் பெண்பிள்ளைகள் சிலர் இப்போது பக்கத்துப் பட்டணத்து முதியோர் இல்லத்திலும், ஊனமுற்றோர் இல்லத்திலும், தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் டயாலிசிஸ் நிலையத்திலும் வேலை செய்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மகளோ மருமகளோ இருக்கலாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். "சேவைதானேம்மா, அங்கே போய்க் காசு கேக்க முடியுமா?" என்பாள்.

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

சுகாதாரப் பக்கத்தில் சம்பளப் பேச்சு எதற்கு என்கிறீர்களா? படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வராமல் இருக்க, ஏறக்குறைய 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஊட்டவேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை இது. சம்பளம் பற்றாவிட்டால் அவள் சாயங்காலம் இன்னொரு வேலைக்கு ஓடுவாள். தூக்கம் கெடும், கை தளரும். அப்போது கீழே விழுவது யார்? நம்ம வீட்டுப் பெரியவர்தான்.

கட்டுபடியாகாமல் அவள் நின்றுவிட்டால் புது ஆள் வருவாள். எந்தத் தாத்தாவுக்குச் சர்க்கரை, எந்தப் பாட்டிக்குச் சோறு விக்கும் என்று அவளுக்குத் தெரியாது. டயாலிசிஸுக்குப் பொதுவாக வாரம் 3 தடவை, தடவைக்கு 4 மணி நேரம் படுக்கவேண்டும். ஊசி குத்தும் கை பழகிய கையாக இருந்தால்தான் நோயாளிக்கு நிம்மதி.

சட்டம் என்ன சொல்கிறது? குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரி 1-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2025 பிப்ரவரி 1 முதல் அது 1,700 வெள்ளி. 5 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இதே கணக்குத்தான். தர்ம ஸ்தாபனம் என்பதற்காக விலக்கு இல்லை. மனமுவந்து ஒருநாள் போய் உதவுகிறவர் தொண்டர். நேரம் குறித்து, ஆணையிட்டு, சம்பளம் பேசி வேலை வாங்கினால் அவர் தொழிலாளி. "சாப்பாடும் படுக்கையும் கொடுக்கிறோமே" என்றால், அது சம்பளத்துக்கு மேலே கொடுப்பது. சம்பளத்துக்குப் பதில் ஆகாது. வீடு கொடுத்தோம், தண்ணி கொடுத்தோம் என்று கணக்குச் சொன்னவர்களை நாம் பார்க்காதவர்களா?

உங்கள் பிள்ளையிடம் இவற்றைச் சொல்லுங்கள்:

சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கு. 1,700 வெள்ளிக்கு ஊழியர் சேமநிதியில் முதலாளி பங்கு 221 வெள்ளி, உன் பங்கு 187 வெள்ளி. கட்டுகிறார்களா என்று பார்.

வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்குக் கூலி. வாரம் ஒரு நாள் ஓய்வு.

ஆளைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால் தைலம் தேய்த்துக்கொண்டு சும்மா இருக்காதே. கிளினிக்குக்குப் போ, வேலையில் வந்தது என்று டாக்டரிடம் சொல், மேலாளரிடமும் சொல். 48 மணி நேரத்துக்குள் அவர் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும்.

கேட்டும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடு.

இல்லங்களும் பாவம்தான், நன்கொடையில் ஓடுகின்றன. பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட ஆள் உண்டு, அரிசி மூட்டை கொடுக்க ஆள் உண்டு. சம்பளத்துக்கென்று கொடுப்பவர்தான் அபூர்வம். அடுத்த தடவை நீங்கள் கோயில் பேரிலோ குடும்பத்தின் பேரிலோ கொடுக்கும்போது, "இதை வேலையாட்கள் சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1,700 வெள்ளி என்பது நேற்றுச் சேர்ந்தவளுக்கும் உரிய அடிமட்டம். 10 வருஷம் கைபழகியவளுக்கும் அதே சம்பளம் என்றால் சட்டம் சும்மா இருக்கலாம், நியாயம் சும்மா இருக்காது.

நாளைக்கு நம்மைப் புரட்டிப் படுக்க வைக்கப்போகும் கை அது. அந்தக் கைக்குக் கும்பிடு மட்டும் போதாது, கூலியும் வேண்டும்.