ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போனால்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் நடுவே, கருப்புப் பூஞ்சை நோயைக் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. அந்த ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் அது வந்திருந்தது. 4,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அலை ஓய்ந்ததும் பேச்சும் ஓய்ந்தது. பூஞ்சை ஓயவில்லை. கொரோனாவுக்கு முன்பே உலக அளவில் இந்தியாவில்தான் இந்நோய் அதிகம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். முதல் காரணம் சர்க்கரை நோய்.

திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேட்டில் இந்தப் பூஞ்சையின் வித்துகளைத் தேடிப் போக வேண்டாம். வாழைத்தோப்பில் மக்கிக் கிடக்கும் மட்டை, அழுகிய பழம், எருக்குழி, நனைந்த வைக்கோல் என எங்கும் இந்நோயைத் தரும் ரைசோபஸ் வகைப் பூஞ்சை வளரும். தாரை வெட்டிவிட்டுச் சருகைக் கழிப்பவர் மூச்சோடு அதை இழுக்கத்தான் செய்வார். நல்ல உடம்பில் வெள்ளையணுக்கள் அதைத் தீர்த்துவிடும். ஆகவே தோப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. கட்டுமீறிய சுகருக்குத்தான் பயப்பட வேண்டும். சர்க்கரை எகிறி ரத்தத்தில் அமிலம் ஏறினால் வெள்ளையணுக்கள் தளர்ந்துபோகும். புரதத்தோடு ஒட்டியிருக்கும் இரும்புச்சத்தும் விடுபட்டுப் பூஞ்சைக்குத் தீனியாகிவிடும்.

எனக்குப் பெரிய கவலை, சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கும் 'செட்டு மாத்திரை'. மூட்டுவலியோ இளைப்போ அரிப்போ, எதுவானாலும் ஒரே வேளையில் கேட்கிறதென்றால் அதில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அது சுகரை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கும். கொரோனாவிலேயே, ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு நாளைக்கு 6 மில்லிகிராம், 10 நாள் வரை கொடுத்தபோதுதான் அது பலன் தந்தது.

நோய் பெரும்பாலும் மூக்கில் தொடங்கும். ஒரு பக்கம் அடைப்பு, ரத்தம் கலந்த சளி, அந்தப் பக்கக் கன்னத்தில் வலி, பிறகு மரப்பு. மேல்பல் ஆடும், பல்லைப் பிடுங்கினால் சரியாகும் என்று தோன்றும். ஆகாது. சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகிதத் தடிமன் எலும்பு. பூஞ்சை அதைத் தாண்டினால் இமை வீங்கித் தொங்கும், பார்வை இரட்டையாகும், கண் பிதுங்கும். அடுத்தது மூளை.

இது ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைக்கும் பூஞ்சை. ரத்தம் போகாத சதை செத்துக் கருத்துவிடும். ரத்தம் போகாத இடத்துக்கு ஊசிமருந்தும் போகாது. அதனால்தான் ஆம்போடெரிசின் ஏற்றுவதோடு, செத்த சதையை அறுத்து எடுக்கவும் வேண்டியிருக்கிறது. முற்றிவிட்டால் சிலருக்குக் கண்ணையே எடுக்க நேரும்.

சுகர் உள்ளவருக்கு முகத்தின் ஒரு பக்கத்தில் இந்த அறிகுறிகள் தெரிந்தால், ரேணுகாம்பாள் கோயில் ஆடி வெள்ளி கழியட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது. திருவண்ணாமலையோ வேலூரோ, காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போய்விட வேண்டும். மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்து, துணுக்குச் சதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் சில மணி நேரத்தில் பூஞ்சை தெரிந்துவிடும். போகும்போது, கடையில் வாங்கிய செட்டு உட்பட, சாப்பிட்ட மாத்திரை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.