பழுப்புத் தாளுக்குள் ஓர் இதழ்

தன்பால் ஈர்ப்பாளர் இயக்க இதழ்களின் எழுச்சியும் தேய்வும்

1990இல் மும்பையில் அசோக் ராவ் கவி தொடங்கிய ‘பாம்பே தோஸ்த்’ தெருவோரப் பத்திரிகைக் கடைகளில் பழுப்புத் தாளில் சுற்றி விற்கப்பட்டது. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவு நடப்பில் இருந்த காலம் அது. வாங்குபவரின் அச்சத்துக்கு அந்த உறையே சாட்சி. 1986இல் கலிஃபோர்னியாவில் தெற்காசியர் தொடங்கிய ‘திரிகோன்’, கொல்கத்தாவின் ‘பிரவர்த்தக்’ ஆகியவையும் அதே பணியைச் செய்தன: தனித்துத் தவித்தவருக்கு, தம்மைப் போல் பிறரும் உண்டு என்பதை அச்சில் காட்டின.

பணமுடையால் ‘பாம்பே தோஸ்த்’ 2002இல் நின்று, 2009இல் மீண்டும் வந்தது. ‘திரிகோன்’ 2014இல் முடிந்தது. இணையம் இருக்க இதழ் எதற்கு என்று கேட்கலாம். செய்தி சேர இணையம் போதும். ஆனால் தேர்ந்து, கோத்து, தேதியிட்டு அச்சேறிய இதழ் ஒரு காலத்தின் சான்றாக நிற்கிறது. இவை நகரத்துப் படித்தவர்களுக்கே எட்டின என்ற குறையிலும் உண்மை உண்டு. அது காட்டுவது, இவை வேண்டாதவை என்பதையல்ல. தமிழிலும் வேண்டியிருந்தன என்பதையே.

நின்றுபோனதால் தோற்றுப்போனவை ஆகிவிடுமா? 1947இல் புதுக்கோட்டையில் பிறந்த ‘பொன்னி’ இதழும் நெடுங்காலம் வரவில்லை, ஆனால் ‘பாரதிதாசன் பரம்பரை’ என்று ஒரு கவிஞர் வரிசையையே அது தமிழுக்குத் தந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்த தன்பால் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாளுக்கான துணிவை ஊட்டியவற்றுள் ‘பாம்பே தோஸ்த்’ போன்ற இந்த மெல்லிய தாள்களும் உண்டு. பழைய இதழ்களைக் கண்ணாகக் காக்கும் ஞானாலயா நூலகம் உள்ள புதுக்கோட்டைக்கு, இவற்றையும் காக்கவேண்டிய காரணத்தை விளக்கத் தேவையில்லை.