ஹேண்ட் பிளெண்டர்... வாங்கலாமா, வேண்டாமா?

ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே ஹேண்ட் பிளெண்டர் கிடைக்கிறது. 'ஜார் கழுவும் வேலை இல்லை' என்று விளம்பரம் ஆசை காட்டுகிறது. மாத பட்ஜெட்டில் துண்டு விழாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு அது உபயோகமா, வீண் செலவா?

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பத்தின் சமையலை வைத்தே பார்ப்போம். மீன், இறால், நண்டு என எது வந்தாலும், தேங்காய் அரைத்து ஊற்றும் குழம்பில் விழுது மையாக அரைபட்டால்தான் ருசி. ஹேண்ட் பிளெண்டர் இதற்கு ஒத்துவராது. 1950-ல் சுவிட்சர்லாந்தின் ரோஜர் பெரின்ஜாகே இதற்குக் காப்புரிமை பெற்றார். வெந்ததை மசிக்கவும், திரவத்தைக் கலக்கவும் ஏற்றது. காய்ந்த மிளகாய், தனியா, ஊறிய அரிசி, உளுந்துக்கு அதன் சின்ன மோட்டார் திணறும்.

வெளிநாட்டு மிக்ஸர் நம் அரைவைக்குத் தாங்காமல் போனதால்தான், 1963-ல் சத்யபிரகாஷ் மாத்தூர் சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். தமிழக அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டம் 2011-ல் தொடங்கியதும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். ஆக, பல வீடுகளில் மிக்ஸி ஏற்கெனவே இருக்கிறது. அது இல்லாதவர்கள் முதலில் மிக்ஸி வாங்குவதே சரி.

மிக்ஸி இருக்கிறது, கூடுதலாக வாங்கலாமா? பருப்பு, கீரை மசிக்க, மோர் கடைய மத்தே போதும். கரன்ட் போனாலும் அது வேலை செய்யும். ஆனால், கைக்குழந்தைக்குத் தினமும் காய்கறி மசித்துக் கொடுப்பவர்கள், மென்று சாப்பிட முடியாத பெரியவர்களுக்கு சூப், கஞ்சி தயாரிப்பவர்கள், மத்தால் கடைய முடியாத அளவுக்கு மணிக்கட்டு வலி உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். கொஞ்சமாக மசிக்க ஜாரைவிட இதுதான் வசதி. 250 வாட் பிளெண்டர் ஒரு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்தான் செலவாகும்.

வாங்கும்போது, கொதிக்கும் குழம்பில் இறங்கும் தண்டு பிளாஸ்டிக்கா, ஸ்டீலா என்று பாருங்கள், ஸ்டீல் நல்லது. தண்டைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பது கையேட்டில் இருக்கும். சிலவற்றில் ஒரு நிமிடம்தான். வாரன்ட்டியையும், பக்கத்து ஊரில் சர்வீஸ் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்பேருக்கு பொன்னேரிக்கோ சென்னைக்கோ அலைந்தால், மிச்சம் பிடித்த காசு பஸ்ஸுக்கே போய்விடும்.

பிளேடு முழுதும் மூழ்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். இல்லாவிட்டால் சூடான குழம்பு முகத்தில் தெறிக்கும். சிக்கிய கீரை நாரை எடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். விரல் பட்டனில் பட்டாலே பிளேடு சுற்றிவிடும்.

வாரத்தில் நான்கு நாளாவது கையில் எடுப்பீர்கள் என்றால் வாங்கலாம். இல்லையென்றால், மத்தும் மிக்ஸியும் போதும்!