குணமாகுமா என்ற கேள்வி: இளவயது மனநோயின் நெடும்போக்கும் ஊவா தோட்டங்களும்

பதினெட்டு, இருபது வயதில் ஓர் இளைஞன் உறக்கமின்றி அலைகிறான்; எவரும் பேசாத இடத்தில் குரல் கேட்பதாகக் கூறுகிறான்; அடுத்த காம்பராக்காரர் தனக்குத் தீங்கு செய்ய முயல்வதாக அஞ்சுகிறான். மருத்துவர்கள் இதனைச் சைக்கோசிஸ் என்பர். யதார்த்தத்துடனான தொடர்பு அறுந்துபோகும் தீவிர மனநோய் நிலை இது. மனச்சிதைவு நோயின் தொடக்கமாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பின்னரோ, கஞ்சாப் பாவனையாலோ, உடல்நோய் ஒன்றினாலோ தோன்றியதாகவும் இருக்கலாம். பசறையிலோ மடுல்சீமையிலோ உள்ள தோட்டத்திலிருந்து பிள்ளையை அழைத்துவரும் பெற்றோருக்கு இந்தப் பாகுபாடுகள் முக்கியமல்ல. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “இவன் குணமாவானா?”

இக்கேள்விக்கு மருத்துவ உலகம் நீண்டகாலமாக விடை தேடி வருகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 1960களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆய்வு எதிர்பாராத முடிவொன்றைத் தந்தது. வைத்திய வசதி மிகுந்த மேற்கு நாடுகளைவிட இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளில் மனச்சிதைவு நோயாளரின் பிற்கால நிலைமை சிறப்பாக இருந்தது. இலங்கையிலும் நான்சி வக்ஸ்லர் என்ற ஆய்வாளர், முதன்முறையாக வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களை ஐந்தாண்டுகளின் பின் சந்தித்து, 1979 இல் வெளியிட்ட கட்டுரையில் ஒத்த முடிவையே தெரிவித்தார். நோய் தற்காலிகமானது, மாறிவிடும் என்று குடும்பமும் ஊரும் நம்புவதால் நோயாளி நிரந்தரமாக ஒதுக்கப்படுவதில்லை; அந்த நம்பிக்கையே மீட்சிக்கு வழிசெய்கிறது என்பது அவரது விளக்கம்.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன், டாக்டர் ஆர். தாரா முதலியோர் 1980களின் தொடக்கத்தில், முதல் தடவையாக நோயுற்ற 90 பேரைப் பின்தொடரத் தொடங்கினர். பத்தாண்டு முடிவில் பெரும்பான்மையினர் நல்ல நிலையில் இருந்தனர். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்த அதே ஆய்வு, நோயாளரிடையே அகால மரணங்கள் பல நேர்ந்ததையும் பதிவு செய்தது. 2008 இல் டாக்டர் தாரா உட்பட்ட ஆய்வாளர் குழுவொன்று, ‘வளர்முக நாடுகளில் நோய் எளிதில் குணமாகும்’ என்ற பொதுக்கூற்றையே கேள்விக்குட்படுத்தியது. நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் நிலைமை வேறுபடுகிறது என்பதே அவர்களது வாதம்.

இந்த எச்சரிக்கை மலையகத்துக்கு மிகவும் பொருந்தும். வயலும் தோட்டமும் உள்ள கிராமத்து வீட்டில், நோயிலிருந்து மீள்பவர் மாட்டைப் பார்த்துக்கொள்ளலாம், விறகு பொறுக்கலாம்; அவரது வேகத்தை எவரும் அளப்பதில்லை. தேயிலைத் தோட்டத்திலோ உழைப்பு கிலோவில் அளக்கப்படுகிறது. குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர். மருந்தின் மந்தத்தோடு மலையேறும் இளைஞனுக்கு இந்தக் கணக்கு இரங்குவதில்லை. ஒரே சுவரைப் பகிரும் லயக் காம்பராக்களில் நோயை மறைக்கவும் முடியாது. பக்கத்துக் குடும்பத்தின் ஆதரவும் ஏளனமும் ஒருசேர வந்து சேரும். ஆகவே ‘கீழைத்தேயக் குடும்பம் தாங்கிக்கொள்ளும்’ என்று மேலெழுந்தவாரியாகச் சொல்லிவிடுவது நியாயமாகாது.

எனினும் குடும்பத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. சென்னையிலும் கனடாவின் மொன்றியலிலும் ஒரே முறையில் ஆரம்பநிலைச் சிகிச்சை பெற்றவர்களை ஒப்பிட்ட ஆய்வின் முடிவுகள் 2020 இல் வெளியாயின. ஊக்கமின்மை, பேச்சுக் குறைதல், ஒதுங்கியிருத்தல் ஆகிய அறிகுறிகளில் இரண்டாண்டுகளின் பின் சென்னை நோயாளரே கூடிய முன்னேற்றம் கண்டிருந்தனர். குடும்பத்தினர் சிகிச்சையில் நெருங்கிப் பங்குகொண்டமை இதற்கு ஒரு காரணமெனக் காணப்பட்டது.

ஒருவரது எதிர்காலத்தை எவற்றைக் கொண்டு கணிக்கிறார்கள்? நோய் திடீரெனத் தோன்றியதா, மெல்ல மெல்ல வந்ததா என்பது ஒன்று. திடீரென வந்ததே பெரும்பாலும் நற்குறி. நோய்க்கு முன் பாடசாலையிலும் நட்பிலும் எவ்வாறு இருந்தார், முதல் வாரங்களில் மருந்துக்கு எவ்வளவு இணங்கினார், கஞ்சாவைத் தொடர்கிறாரா என்பனவும் கணக்கில் வரும். பெண்களுக்குச் சராசரியாக ஓரளவு நல்ல போக்கே காணப்படுகிறது. இவற்றையெல்லாம் கணினியில் இட்டு முன்னறிவிப்புச் செய்யும் முயற்சிகள் ஐரோப்பாவில் நடைபெறுகின்றன. 2015 இல் நியூயோர்க்கில் 34 இளைஞரின் பேச்சைக் கணினியால் பகுப்பாய்ந்து, நோய்வாய்ப்படக்கூடியவர்களை இனங்காண முயன்றனர். சிறிய ஆய்வு; அதுவும் ஆங்கிலப் பேச்சு. நோயாளியின் தமிழை இன்னொருவர் சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டே மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய சூழலில், பேச்சின் நுட்பமான குழப்பங்கள் வழியிலேயே தொலைந்துவிடும். கணினி அப்புறம் வரட்டும்; முதலில் தமிழறிந்த உத்தியோகத்தர் வரட்டும்.

மேலும், இத்தகைய கணிப்புகள் நூறு பேருக்குப் பொருந்துமேயன்றி உங்கள் மகனுக்கென்று தனியே தீர்ப்பு எழுதுவதில்லை. சாதகக் குறிப்பைப் போல அவற்றை வாசிப்பது தவறு. இரு காரணிகள் ஒருபுறம் கெட்டிருந்தும் நன்றாக மீண்டவர்கள் உண்டு.

கணிப்புக் காரணிகளுள் பெரும்பாலானவை நம் கையில் இல்லை. நோய் தொடங்கியதற்கும் சரியான சிகிச்சை கிடைப்பதற்கும் இடைப்பட்ட காலமோ பெருமளவு நம் கையில் உள்ளது. நோர்வேயின் றோகலண்ட் பிரதேசத்தில் 1997 முதல் பத்திரிகைகள், பாடசாலைகள் வாயிலாகப் பொதுமக்களுக்கு அறிவூட்டி, எவரும் நேரே அழைக்கக்கூடிய குழுக்களையும் அமைத்தனர். அங்கு இந்த இடைக்காலம் நடுவளவாக 5 வாரங்களாக இருக்க, ஒப்பீட்டுப் பகுதிகளில் 16 வாரங்களாக இருந்தது. பத்தாண்டுகளின் பின்னர் முழுமையாக மீண்டோர் வீதம் அங்கு ஏறத்தாழ 31. ஒப்பீட்டுப் பகுதிகளில் 15.

ஊவாவில் இந்த இடைக்காலம் எங்கே கழிகிறது? தோட்டங்களில் கோடாங்கியிடமும் குறிசொல்பவரிடமும் கழிகிறது. கதிர்காமத்துக்கு நேர்த்தி வைத்துக் காத்திருப்பதில் கழிகிறது. குருத்தலாவை போன்ற முஸ்லிம் ஊர்களில் ஜின் பிடித்ததெனக் கருதி ஓதிப் பார்ப்பதிலும் தாயத்துக் கட்டுவதிலும் கழிகிறது. கல்யாணம் செய்துவைத்தால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கையும் இரு சமூகங்களிலும் உண்டு. அதன் விலையைப் பெரும்பாலும் பெண்ணே செலுத்துகிறாள்.

பிரார்த்தனையை இகழ்வது எமது நோக்கமல்ல. 1284 இல் கெய்ரோவில் எழுந்த கலாவூன் வைத்தியசாலையில் மனநோயாளருக்கெனத் தனிப்பகுதி இருந்தது. மனநோய்க்கு மருந்து தேடுவது மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. குஜராத்தின் மீரா தாதர் தர்ஹாவில் 2008 முதல், துஆவை நாடி வருவோரை மருந்துக்கும் ஆற்றுப்படுத்தும் திட்டமொன்று தொடங்கப்பட்டது. மறுபுறம், தமிழகத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி கீற்றுக் கொட்டகையில் தீ பரவியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் உயிரிழந்ததையும் நாம் மறத்தலாகாது. பூசாரியும் மௌலவியும் “வைத்தியரையும் பாருங்கள்” என்று ஒரு வார்த்தை சொன்னால் மாதங்கள் மிஞ்சும்.

அரசாங்க வைத்தியசாலைகளில் மனநோய்ச் சிகிச்சை இலவசம். ஆயினும் பதுளைக்குக் கிளினிக் சென்றுவர நோயாளிக்கு மட்டுமன்றித் துணைக்குச் செல்பவருக்கும் ஒரு நாள் பேர் இல்லாமற்போகும். குரல்கள் அடங்கியதும் மருந்தை நிறுத்திவிடுவதற்கு அறியாமை மாத்திரமன்றி இந்தச் செலவும் காரணம். நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். மாதாந்த ஊசியைத் தோட்டத்துக்கு அருகிலேயே ஏற்ற வழிசெய்வதும், தோட்ட வைத்திய உதவியாளருக்கு ஆரம்ப அறிகுறிகளை இனங்காணப் பயிற்சியளிப்பதும் மாகாண சுகாதாரத் திணைக்களமும் பெருந்தோட்டக் கம்பனிகளும் கூடி ஆற்றக்கூடிய காரியங்கள். மருந்துகளால் உடற்பருமனும் நீரிழிவும் ஏற்படக்கூடுமாதலால், நிறையையும் குருதிச் சீனியையும் அளப்பது மருந்து கொடுப்பதன் ஓர் அங்கமாக வேண்டும்.

தற்கொலை அபாயம் நோயின் முதல் சில ஆண்டுகளிலேயே அதிகம். வாழ விருப்பமில்லை என்று நோயாளி சொன்னால் அதனைப் பிடிவாதமாகக் கருதாது, தாமதமின்றி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எவரும் அழைக்கலாம். கிளினிக்குக்கு முதன்முறை செல்பவர்கள், மாற்றம் எப்போது தொடங்கியது, உறக்கம் எப்போது கெட்டது, இதுவரை என்னென்ன மருந்து, மூலிகை கொடுக்கப்பட்டன என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்வார்களாயின், “குணமாகுமா?” என்ற கேள்விக்கு மருத்துவர் ஓரளவேனும் பொருளுள்ள விடையளிக்க முடியும்.