கூரை விளக்கு அணைந்தால் குற்றவாளி யார்?

இரவு நேரம். வரவேற்பறையில் பாடம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பொய்க்கூரையில் பதித்திருக்கும் ஆறு விளக்குகளில் ஒன்று மினுமினுத்துவிட்டு அணைந்துபோகிறது. “எல்இடி விளக்கு பல ஆண்டு உழைக்கும் என்றார்களே!” என்று அம்மா அலுத்துக்கொள்கிறார்.

அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல. இத்தகைய விளக்குகளில் பல நேரம் முதலில் பழுதாவது எல்இடி அன்று. கூரைக்குள் கண்ணில் படாமல் கிடக்கும் ‘டிரைவர்’ என்ற சிறு பெட்டிதான்.

அதற்கு என்ன வேலை? நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். எல்இடிக்குத் தேவைப்படுவதோ சீரான நேர்திசை மின்னோட்டம். டிரைவர் முன்னதைப் பின்னதாக மாற்றுகிறது. 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரத்தின் மின்னழுத்தம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடும். அப்போதெல்லாம் வெளிச்சம் குறையாமல் பார்த்துக்கொள்வது டிரைவரில் உள்ள மின்தேக்கி. மின்னழுத்தம் உயரும்போது மின்னூட்டத்தைச் சேமித்து, தாழும்போது அதைக் கொடுக்கிறது.

இந்த மின்தேக்கிக்கு எதிரி வெப்பம். பொதுவாக, இதற்குள் ஒரு திரவம் இருக்கும். பொய்க்கூரைக்கு மேலே காற்றோட்டம் குறைவு; சூடு வெளியேற வழியில்லை. திரவம் மெல்ல உலர்கிறது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுவான கணக்கு. உலர்ந்த மின்தேக்கியால் இடைவெளிகளை நிரப்ப முடியாது. விளக்கு மினுமினுக்கத் தொடங்கும்.

நீங்கள் கீழே நின்றபடியே துப்பறியலாம்:

• ஒரு விளக்கு மட்டும் அணைந்தால், அதன் டிரைவர், எல்இடி அல்லது கம்பி இணைப்பில் கோளாறு இருக்கலாம்.

• ஒரே சுவிட்சில் உள்ள எல்லா விளக்குகளும் அணைந்தால், சுவிட்சையோ அதற்கு வரும் கம்பியையோ சந்தேகிக்கலாம். மின்பெட்டியில் ஏதேனும் விசை கீழே விழுந்திருக்கிறதா என்றும் பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே தள்ளியதும் மீண்டும் விழுந்தால், எங்கோ ஆபத்து இருக்கிறது என்று பொருள். அப்படியே விட்டுவிட வேண்டும்.

• சிறிது நேரம் எரிந்து அணைந்து, ஆறியதும் மறுபடி எரிந்தால், டிரைவர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம். இணைப்பு தளர்ந்தும் இருக்கலாம்.

துப்பறிவதோடு உங்கள் வேலை முடிந்தது. ஏணியில் ஏறி விளக்கைக் கழற்றாதீர்கள். சுவிட்சை அணைத்தாலும், கூரைக்குள் வேறு கம்பிகளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கலாம். மின்தேக்கியிலும் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளரே அதைத் தொட வேண்டும்.

அவர் வரும்போது ஒன்று கேளுங்கள்: “டிரைவரை மட்டும் மாற்ற முடியுமா?” டிரைவர் தனியாக இருக்கும் விளக்குகளில் பெரும்பாலும் முடியும். புதியது தரும் மின்னோட்டமும் மின்னழுத்த வரம்பும் பழைய பெட்டியில் அச்சிட்டிருப்பவற்றுடன் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். நல்ல எல்இடி குப்பைக்குப் போகாது. அம்மாவுக்கும் செலவு மிச்சம்.